கோவைக்கு எந்த ஆய்வகம்: ஊருக்கு வெளியே பூங்காவா, புதுக் கட்டடமா, பழைய மில் ஷெட்டா?

கொங்குப் பகுதியில் உயிர் அறிவியல் தொழிலை வளர்க்க வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், அடுத்த கேள்வி "எத்தனை ஏக்கர்?" என்பதாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அந்தக் கட்டடத்துக்குள் முதல் மூன்று வருடம் யார் உட்காருவார்கள், அவர்களால் எவ்வளவு வாடகை கொடுக்க முடியும்?

கட்டப்போகிறவர் அரசாக இருக்கலாம், தொழில் சங்கமாக இருக்கலாம், மூடிய மில்லை வைத்துக்கொண்டு யோசித்துக் கொண்டிருக்கும் குடும்பமாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் முன்னால் இருக்கும் வழிகள் நான்குதான். ஊருக்கு வெளியே பெரிய உயிரித் தொழில்நுட்பப் பூங்கா. ஊருக்குள் ஆய்வகத்துக்கென்றே கட்டிய பல மாடிக் கட்டடம். இருக்கிற கட்டடத்தை மாற்றி அமைப்பது. கல்வி நிலையம் ஒன்றோடு ஒட்டிய பொது ஆய்வகம், அதாவது மேசையையும் கருவியையும் பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் இடம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைக்கு முதலில் நான்காவது வழி, அதன் பின்னால் மூன்றாவது. மூன்றாவதிலும் ஐ.டி. கட்டடத்தை விட்டுவிட்டு மில் ஷெட்டைப் பிடிக்க வேண்டும். பூங்கா இப்போதைக்கு வேண்டாம்.

கோவையின் கையிருப்பு சின்னதல்ல. வேளாண் கல்லூரி 1906-இல் இங்கே வந்தது, 1971-இல் பல்கலைக்கழகமானது. கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-இல் தொடங்கி, 1918-இல் கோ 205 ரகத்தை வெளியிட்டு வட இந்தியக் கரும்பு வயல்களையே மாற்றியது. மலை ஏறினால் குன்னூரில் 1907 முதல் தடுப்பூசி செய்யும் பாஸ்டர் நிறுவனம். நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளும் கால்நடை மருத்துவக் கல்லூரியும். அவினாசி சாலை நெடுக மருத்துவமனைகள். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய பட்டறைகள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இங்கே முளைக்கக்கூடியவை உயிர் உரம், உயிரிப் பூச்சிக்கொல்லி, கோழித் தடுப்பூசி, நோய்ப் பரிசோதனைக் கிட், மருத்துவக் கருவி போன்றவை. ஹைதராபாத் மாதிரி மருந்து மூலப்பொருள் தொழில் இங்கே வேர் பிடிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. யார் வருவார்கள் என்பது கட்டடத்தின் வடிவத்தையே மாற்றிவிடும் என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலுவலகம் கட்டுகிறவர்களுக்கு ஆய்வகத்தைப் பற்றி இருக்கும் பெரிய தவறான எண்ணம், அது கொஞ்சம் கூடுதல் பைப் போட்ட அலுவலகம் என்பது. முதல் வேறுபாடே காற்றில் இருக்கிறது. அலுவலகத்தில் ஏ.சி. குளிர்வித்த காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். ரசாயனமும் நுண்ணுயிரும் கையாளும் அறையில் பெரும்பாலும் அப்படிச் செய்ய முடியாது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, குளிர்வித்து, ஈரப்பதம் நீக்கி, ஒரு முறை பயன்படுத்தியதும் வெளியே தள்ளிவிட வேண்டும். 1,000 சதுர அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே 10,000 கன அடி காற்று. மணிக்கு எட்டு முறை மாற்றினால் 80,000 கன அடி. நிமிடத்துக்கு 1,300 கன அடிக்கு மேல் குளிர்ந்த காற்றைக் காசு கொடுத்துத் தயாரித்து ஜன்னல் வழியே கொட்டுவதற்குச் சமம். புகை உறிஞ்சும் பெட்டி, அதாவது ஃபியூம் ஹூட், ஆறடி அகலத்தில் ஒன்று வைத்தாலே அது மட்டும் நிமிடத்துக்கு 700, 800 கன அடியை இழுக்கும். அலுவலகத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு மின்சாரத்தை ஆய்வகம் தின்னும் என்று சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

இதில் கோவைக்கு ஒரு சாதகம் உண்டு. அதை யாரும் விளம்பரப்படுத்திப் பார்த்ததில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் சென்னையின் கசகசப்பு இங்கே இல்லை. வெளிக்காற்றைக் குளிர்விப்பதில் பெரிய செலவு அதிலுள்ள ஈரத்தைப் பிழிவதுதான். வருடம் முழுக்க ஒருமுறைக் காற்றில் ஓடும் கட்டடத்துக்கு இந்த வானிலை மாதாமாதம் பணம் மிச்சப்படுத்தும்.

அடுத்தது உயரம். அலுவலகத்துக்குத் தளத்துக்குத் தளம் மூன்றரை மீட்டர் போதும். ஆய்வகத்துக்கு நாலரை மீட்டராவது வேண்டும். காற்றுக் குழாய்கள் ஒன்றை ஒன்று குறுக்கிட்டுப் போக இடம் வேண்டுமே. தரை தாங்கும் எடையும் கூடுதல். நுண்ணோக்கிகளுக்கு அதிர்வில்லாத தரை. கழிவுநீருக்குத் தனிக் குழாய். மின்சாரம் போனால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும் ஐந்து வருட மாதிரிகள் வீணாகிவிடும் என்பதால் ஜெனரேட்டர் கட்டாயம். இவற்றைக் கூட்டினால், கட்டடச் செலவில் பாதியை நெருங்கும் பணம் செங்கல் சிமெண்டில் இல்லாமல் காற்று, குழாய், மின்சாரத்தில் போய்விடும். இந்தப் பாதியை வீட்டுக்காரர் போடுவாரா, குடியிருப்பவர் போடுவாரா என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன.

பூங்காவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எல்லோரும் காட்டுவது ஹைதராபாத்தின் ஜீனோம் வேலி. ஷாமீர்பேட்டைப் பக்கம் 1999-இல் அறிவித்தார்கள். அதே சமயத்தில் ஐ.சி.ஐ.சி.ஐ. நாலெட்ஜ் பார்க்குக்கு 200 ஏக்கர் கொடுத்தார்கள். கோவாக்சின் அங்கிருந்துதான் வந்தது. அதைச் செய்த பாரத் பயோடெக்கை நிறுவிய கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். இதைக் காட்டுகிறவர்கள், 1999-க்கு முன்பே ஹைதராபாத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஆலை அறுபதுகளிலேயே அங்கே வந்துவிட்டது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவிய அஞ்சி ரெட்டி அதில் வேலை பார்த்தவர். ஐ.ஐ.சி.டி. என்ற வேதியியல் ஆய்வு நிறுவனமும் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையமும் ஊரிலேயே இருந்தன. வேலை தெரிந்த ஒரு தலைமுறை தயாராக நின்றபோது அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள்.

நிலமும் கட்டடமும் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்த திட்டம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் நாடே தடுப்பூசிக்கு அலைந்தபோது அது வணிக உற்பத்தி தொடங்காமல் நின்றது. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வளாகத்தை மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கட்டடத்தில் குறையில்லை. இயக்கும் பணமும் வாங்கும் ஆர்டரும் சேர்ந்து வரவில்லை.

பூங்காவுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: உற்பத்தி. சிங்கப்பூர் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தது. ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பயோபொலிஸ். மருந்து ஆலைகளுக்குத் தீவின் மேற்குக் கோடியில் துவாஸ். கோவைப் பகுதியில் ஒரு கம்பெனி ஆய்வக நிலையைத் தாண்டி டன் கணக்கில் உயிர் உரம் செய்யும் நாள் வந்தால், அப்போது சிப்காட் நிலம் தேடலாம். அதுவரை ஊரை விட்டு 40 கிலோமீட்டர் தள்ளி ஆய்வகம் வைத்தால், காலையில் மருத்துவமனையில் எடுத்த மாதிரியைப் பத்து மணிக்குள் கொண்டுவர வேண்டிய பெண் எப்படி வருவார் என்று பூங்கா வரைபடம் போடுகிறவர் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, ஆய்வகத்துக்கென்றே கட்டிய பல மாடிக் கட்டடம். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னைத் தரமணியில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ கட்டிய டைசல் பயோ பார்க் 2004 முதல் இருக்கிறது. கோவையிலும் ஒரு டைசல் வந்துவிட்டது. வசதி எல்லாம் தயாராக இருக்கும், நாளைக்கே உள்ளே போகலாம் என்பது இதன் பலம். ஆனால் வீட்டுக்காரர் எல்லாச் செலவையும் முன்கூட்டியே போட்டுவிட்டதால் வாடகை அதற்கேற்ப இருக்கும். குடியிருப்பவர் வரத் தாமதமானால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது வாசலில் ஐ.டி. கம்பெனி வந்து நின்றால் எந்த வீட்டுக்காரரும் திருப்பி அனுப்ப மாட்டார். காற்றுக் குழாய் கழன்றுவிடும், கம்ப்யூட்டர் மேசை வந்துவிடும்.

பயோபொலிஸ் ஏன் காலியாக நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும். 2003-இல் முதல் கட்டமாக ஏழு கட்டடங்கள், சுமார் 20 லட்சம் சதுர அடி. அதில் முதலில் குடியேறியவை அரசின் சொந்த ஆராய்ச்சி நிறுவனங்கள். கட்டியதும் அரசு, வாடகைக்கு வந்ததும் அரசு. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தனியார் வந்தார்கள். கோவையில் அப்படிக் குடியேற மாநிலமோ மத்திய அரசோ எந்த நிறுவனத்தை அனுப்பும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் இரண்டாவது டைசல் கட்டலாம். இல்லையென்றால் முதல் டைசல் நிரம்புகிறதா என்று பார்ப்பது உத்தமம்.

தனியார் பணம் மட்டுமே கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் இருக்கிறது. கொரோனா காலத்தில் அங்கே காலி ஆய்வகமே கிடையாது. வாடகை கண்டபடி ஏறியது. அதைப் பார்த்த கட்டுமானக் கம்பெனிகள் எல்லாம் ஆய்வகம் கட்டக் கிளம்பின. 2022-க்குப் பிறகு வட்டி ஏறி, பயோடெக் முதலீடு சுருங்கியபோது அந்தக் கட்டடங்கள் முடிந்து வந்தன. 2024-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆய்வக இடம் காலி. உலகத்திலேயே வலுவான உயிர் அறிவியல் ஊருக்கு இந்த நிலை. ஆய்வகம் கட்டி முடிய மூன்று வருடம் ஆகும். முதலீட்டுக் காற்று திசை மாற மூன்று மாதம் போதும்.

மூன்றாவது வழியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கோவையின் தனிப் பலம் இங்கே இருக்கிறது.

மாற்றி அமைப்பது என்றதும் எல்லோர் கண்ணும் போவது காலியான ஐ.டி. தளங்கள் மேல்தான். விளாங்குறிச்சிப் பக்கம் பளபளவென்று நிற்கும் கட்டடத்தில் ஒரு தளத்தை எடுத்து ஆய்வகமாக்கினால் என்ன? கம்ப்யூட்டரில் மரபணுத் தரவை அலசும் கம்பெனிக்குத் தாராளமாகச் செய்யலாம். ஈர ஆய்வகத்துக்கு, அதாவது ரசாயனமும் நுண்ணுயிரும் கையாளும் ஆய்வகத்துக்கு, முடியாது என்றே சொல்வேன். கூரை உயரம் போதாது. ஐந்தாம் மாடியில் ஃபியூம் ஹூட் வைத்தால் அதன் குழாய் ஆறு, ஏழு, எட்டாம் மாடிக்காரர்கள் இடத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதும் மாடி ஏற ஏறக் குறையும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதியில், தரைத்தளத்தில் 100 விழுக்காடு அனுமதி என்றால் அதிலிருந்து எண்ணி மூன்றாம் தளத்தில் 50, நான்கு முதல் ஆறு வரை 12.5 விழுக்காடுதான். மாடி ஏற ஏறத் தீயை அணைப்பது கடினம் என்ற எளிய காரணம். நம் ஊர் விதியின் எண்கள் வேறாக இருந்தாலும் தீயணைப்புத் துறையின் கவலை அதேதான். ரசாயனம் கையாளுகிறவருக்குத் தரைத்தளமே சிறந்தது.

சரி, தரைத்தளம், உயரமான கூரை, கனமான தரை, பெரிய மின் இணைப்பு, ஊருக்குள் இடம். இந்த ஐந்தும் சேர்ந்து எங்கே கிடைக்கும்? மூடிய நூற்பாலையில்.

ஸ்பின்னிங் மில் ஷெட் என்பது கனமான இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுவதற்காகக் கட்டியது. மண்ணின் மேலேயே போட்ட தரை என்பதால் மாடிக் கட்டடத்தின் ஆட்டம் இல்லை. கூரை உயரத்துக்குக் குறைவில்லை. உயர் அழுத்த மின் இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மர் அறையும் மில்லோடு வந்தவை. நூலுக்கு ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், காற்றைப் பதப்படுத்தி ஷெட் முழுக்க அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை ஓட்டிப் பழகிய ஃபிட்டர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வகத்தின் காற்று அமைப்பைப் பராமரிக்க ஆள் கிடைப்பதில்லை என்று வேறு ஊர்களில் புலம்புவார்கள். கோவையில் அந்தப் புலம்பலுக்குப் பாதி மருந்து ஏற்கெனவே உண்டு. கழிவுக் காற்றைக் கூரை வழியாக நேரே மேலே விடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். பழைய கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை முறையாகக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். தரைக்கடியில் ஓடும் காற்றுக் கால்வாய்களில் பல வருடப் பஞ்சும் ஈரமும் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கும்; அவற்றை மூடி நிரப்பாமல் செல் வளர்ப்பு அறை வைத்தால் வாராவாரம் பூஞ்சைதான் வளரும். ஷெட்டையே சுத்த அறையாக்க, அதாவது தூசியும் கிருமியும் புகாத அறையாக்க, முயற்சி பண்ணக் கூடாது. உள்ளே தனிப் பெட்டிகளாக அறைகளைக் கட்டி, அவற்றுக்கு மட்டும் காற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். மீதி ஷெட் கிடங்காகவும் அலுவலகமாகவும் இருக்கட்டும்.

பழைய கட்டடத்தை இஷ்டத்துக்கு நம்பவும் முடியாது. மனிதர் உடலுக்குள் போகும் மருந்து தயாரிக்க வேண்டும் என்றால் கதை வேறு. 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. தயாரிப்பு முறைத் தரத்துக்கு அவை ஒத்துவரவில்லை என்பது காரணம். இரண்டு வருடம் கழித்து உரிமம் திரும்பக் கிடைத்தாலும், பல தலைமுறை அனுபவமுள்ள நிறுவனங்களே அந்தப் பாடு பட்டன. மில் ஷெட் ஆராய்ச்சிக்கும் மாதிரித் தயாரிப்புக்கும் உரியது. ஊசி மருந்துக்குப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

அப்புறம் சட்டச் சிக்கல். மில் நிலம் என்றாலே அண்ணன் தம்பி பாகம், வங்கி அடமானம், தொழிலாளர் நிலுவை மூன்றில் ஒன்றாவது இருக்கும். 2020 ஊரடங்கில் நின்ற என்.டி.சி. (தேசிய ஜவுளிக் கழகம்) ஆலைகள் ஐந்து கோவையில் இருக்கின்றன. நகரின் நல்ல இடங்கள். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் கணக்கு தீராமல் அந்த இடத்துக்கு ஆய்வக வரைபடம் போடுவது முறையல்ல. அவற்றை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வில்லங்கம் தீர்ந்த தனியார் ஷெட்டுகள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குப் போட்டி அடுக்குமாடி வீடும் ஷாப்பிங் மாலும்தான். ஆய்வக வாடகை எந்நாளும் மனை விற்பனையோடு போட்டிபோட முடியாது. நிலத்தை விற்காமல் வைத்திருக்க ஆசைப்படும் குடும்பம்தான் இதற்குச் சரியான வீட்டுக்காரர்.

நான்காவது வழி, பொது ஆய்வகம். அளவில் இதுதான் மிகச் சிறியது. எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. பெங்களூரில் 2009-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை தொடங்கிய சி-கேம்ப், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வளாகத்திலேயே இருக்கிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளை வெளி ஆட்களும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு ஒட்டி 2007-இல் வந்த வென்ச்சர் சென்டரும் இதே மாதிரிதான். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 2013-இல் திறந்த லேப்சென்ட்ரலுக்கு மாசசூசெட்ஸ் அரசு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. அது உட்கார்ந்த இடம் எம்.ஐ.டி.க்குச் சொந்தமான பழைய தொழிற்சாலைக் கட்டடம். ஒரு காலத்தில் போலராய்டு கேமராவின் எட்வின் லேண்ட் ஆராய்ச்சி பண்ணிய இடமும் அதுவே. நான்காவது வழியும் மூன்றாவது வழியும் அங்கே ஒரே கூரைக்குள் சேர்ந்துவிட்டன.

நம் ஊர் ஸ்டார்ட்-அப் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். பயோடெக் ஸ்டார்ட்-அப்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் 'பிக்' மானியம் கிடைத்தால் அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், 18 மாதத்துக்கு. இதில் ஆள் சம்பளம், ரசாயனம், கருவி எல்லாம் அடக்கம். இவரிடம் போய்ப் பத்து மாத அட்வான்ஸ், ஒன்பது வருட லீஸ், உள்வேலை எல்லாம் நீங்களே என்று வெறும் கூட்டைக் காட்டினால் மானியம் முழுவதும் தகரக் குழாயில் போய்விடும். 18 மாதம் முடிந்து காலி செய்யும்போது அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. இவருக்கு வேண்டியது மாத வாடகைக்கு ஒரு மேசை, ஒரு ஃப்ரீசர் தட்டு, அனுமதிகள் எல்லாம் ஏற்கெனவே வாங்கிவைத்த ஓர் இடம்.

அனுமதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். விலங்குச் சோதனைக்குத் தனிப் பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மருத்துவக் கழிவு ஒப்பந்தம், கரைப்பான் சேமிப்பு விதிகள். மூன்று பேர் கொண்ட கம்பெனி இதைத் தனியாகச் செய்தால் முதல் வருடம் அதிலேயே போய்விடும். பொது ஆய்வகம் ஒருமுறை செய்து வைத்துவிட்டால் இருபது கம்பெனிக்கு அது பொதுச் சொத்து. கேம்பிரிட்ஜ் நகரமன்றம் 1976-இல் மரபணு ஆராய்ச்சியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஊர்க்காரர்களைக் கொண்ட குழு அமைத்துக் கேட்டு, 1977-இல் அதற்கென்று உள்ளூர்ச் சட்டம் போட்டது. கம்பெனிகள் பயந்து ஓடவில்லை. விதி என்னவென்று தெரிந்த ஊர் என்பதால் வந்தார்கள். 1982-இல் பயோஜென் என்ற பயோடெக் கம்பெனி அந்த ஊரின் கெண்டல் சதுக்கத்துக்கு வந்தது.

பொது ஆய்வகத்தின் குறை, அது தானாக லாபம் பார்க்காது. மானியம் நின்றால் கருவிப் பராமரிப்பு ஒப்பந்தம் நிற்கும், அப்புறம் கருவி நிற்கும். கல்வி நிலையத்துக்குள் இருந்தால் சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆய்வகத்தில் வளரும் உயிர்ச் செல்லுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. இயக்குநர் மாறினால் கொள்கை மாறும். அதனால் வளாகத்துக்குள் இருந்தாலும் தனி வாசல், தனி நிர்வாகம், 24 மணி நேர அனுமதி மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான்கையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இது. பூங்காவில் பணம் போட்டுத் தவறினால் நூறு ஏக்கர் வேலி மிஞ்சும்; திருத்தப் பத்து வருடம் ஆகும். புதுக் கட்டடம் தவறினால் அது அலுவலகமாகிவிடும். பணம் ஓரளவு திரும்பும், ஆய்வகம் திரும்பாது. மில் ஷெட் தவறினால் உள்ளே கட்டிய பெட்டிகள் மட்டும் நஷ்டம். ஷெட் ஷெட்டாகவே இருக்கும். பொது ஆய்வகம் தவறினால் கருவிகள் கல்லூரிக்குப் போகும், மாணவர்களாவது பயன்படுத்துவார்கள். நேரத்தைப் பார்த்தாலும் இதே வரிசைதான், பூங்கா கடைசியில்.

இடத்தைப் பற்றி ஒன்று. கோவையின் விஞ்ஞானம் மேற்கே இருக்கிறது: வேளாண் பல்கலைக்கழகம், கரும்பு நிறுவனம், மருதமலைச் சாலையில் பாரதியார் பல்கலைக்கழகம். மருத்துவமனைகளும் பட்டறைகளும் விமான நிலையமும் கிழக்கே, பீளமேடு அவினாசி சாலைப் பக்கம். நடுவில் காந்திபுரம் நெரிசல். விதை, உரம், பூச்சிக்கொல்லி பண்ணுகிற கம்பெனிக்கும் இதயக் கருவி பண்ணுகிற கம்பெனிக்கும் ஒரே கட்டடம் என்றால் இருவரில் ஒருவர் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். ஆகவே ஒரு பெரிய இடத்துக்குப் பதில் இரண்டு சின்ன இடங்கள் என்பது என் எண்ணம். மேற்கே பயிர் சார்ந்த பொது ஆய்வகம், 10,000 சதுர அடிக்குள். கிழக்கே மருத்துவம் சார்ந்த ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே ஒரு மில் ஷெட். கம்பெனி வளர்ந்து ஆறேழு பேரைத் தாண்டும்போது மேசையிலிருந்து ஷெட்டுக்கு மாற வேண்டும். அதற்காக ஊர் மாறி பெங்களூருக்குப் போகிற நிலை வரக் கூடாது. ஷெட்டில் காற்று, கழிவுநீர், ஜெனரேட்டர் வரை வீட்டுக்காரரும் மானியமும் பார்த்துக்கொள்ள, மேசை, கருவி, அறைப் பிரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு. லீஸ் மூன்று வருடம், நீட்டிக்கும் உரிமையோடு.

ஷெட்டைத் தொடுவதற்கு முன் கழிவுநீரைப் பேசிவிட வேண்டும். நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆய்வகக் கழிவின் அளவு சாயக் கழிவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் "கெமிக்கல்" என்ற ஒரு சொல் போதும், பக்கத்துத் தெரு எழுந்துவிடும். எழுவதில் தப்பும் இல்லை. கரைப்பான் எதுவும் தொட்டியில் ஊற்றப்படாமல் கேனில் சேர்த்து அனுப்பப்படும், உயிருள்ள கழிவு ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் கொல்லப்பட்ட பின்தான் வெளியேறும், மிச்சத் தண்ணீர் தனித் தொட்டியில் சரிபார்க்கப்படும் என்பதை வரைபடத்தோடு வார்டு மக்களிடம் காட்டி, வாரியத்தின் இசைவையும் வாங்கிய பிறகுதான் ஷெட்டுக்குச் சொந்தக்காரக் குடும்பத்தோடு லீஸ் பேச உட்கார வேண்டும்.

புதுக் கட்டடத்தை எப்போது யோசிக்கலாம்? ஷெட்டில் இருக்கும் கம்பெனிகளில் குறைந்தது மூன்று, சொந்த விற்பனை வருமானத்தில் வாடகை கட்டிக்கொண்டு, இடம் போதவில்லை என்று எழுத்தில் கேட்கும்போது. அந்த மூன்று கடிதத்தோடு வங்கிக்குப் போனால் வட்டியும் குறையும்.

மேற்குப் பக்கத்து ஆய்வகத்துக்கு இதில் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இடம் கல்வி நிலையத்தினுடையது, கருவிகளில் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, உயிரிப் பாதுகாப்புக் குழுவும் அங்கே இருக்கும். துணைவேந்தரோ நிறுவன இயக்குநரோ ஒரு கட்டடத்தின் ஒரு பகுதியைத் தனி வாசலோடு பிரித்துக்கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பேச்சை இந்த வருடமே தொடங்கலாம்.